கப்பல் இல்லாத ரோஷ்ஃபோரில் தங்கலாமா?

கேட்டிருப்பது இது: பாரிசில் படிக்கும் ஒருவர், ஆகஸ்டில் ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவை பிரான்சின் மேற்குக் கடற்கரைக்குக் கூட்டிப் போக நினைக்கிறார். லா ரோஷெல்லில் அறை வாடகை தாங்கவில்லை. பக்கத்தில் இருக்கும் ரோஷ்ஃபோரில் தங்கலாமா? அங்கே பெயர் பெற்ற எர்மியோன் கப்பலும் இப்போது இல்லை என்கிறார்களே, பிறகு அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

தங்கலாம். இரண்டு இரவு தங்குங்கள், முடிந்தால் மூன்று. நான் இந்தப் பகுதியில் வசிப்பவன். லா ரோஷெல்லில் தங்கி ரோஷ்ஃபோரை அரை நாளில் பார்த்துவிட்டுத் திரும்பும் நம்மவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். "நீளமா ஒரு கட்டடம், சேறாய் ஓர் ஆறு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கடல் ஏறி இறங்குவதை ஆற்றில் ஒரு முறையாவது முழுதாகப் பார்த்தால்தான் இந்த ஊர் பிடிபடும், அதற்கு அங்கே படுத்து எழ வேண்டும்.

முதலில் ஊர் எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் புரியும். 1660களில் பதினான்காம் லூயியின் அமைச்சர் கோல்பேர், அட்லாண்டிக் பக்கம் அரச கடற்படைக்கு ஒரு கப்பல் கட்டும் தளம் தேடினார். எதிரிகள் ஆங்கிலேயர்களும் டச்சுக்காரர்களும். திறந்த கடற்கரையில் தளம் வைத்தால் வந்து கொளுத்திவிடுவார்கள். ஷராந்த் ஆற்றின் முகத்துவாரத்துக்கு ரே, ஒலெரோன், எக்ஸ் என்ற தீவுகள் காவலாக நிற்கின்றன. ஆற்றின் மேல்பகுதியில் கருவாலி மரக் காடுகள் இருந்தன. மரத்தை ஆற்றிலேயே கொண்டு வந்துவிடலாம். ஆகவே கடலிலிருந்து ஆற்று வழியில் 20 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே, சதுப்பு நிலத்தில், 1666இல் வேலையைத் தொடங்கினார்கள். சதுரங்கப் பலகை போல நேர் நேராக வெட்டிக்கொள்ளும் தெருக்கள் அதனால் வந்தவை. ஊர் வளர்ந்து தளம் வரவில்லை, தளத்துக்காகவே ஊர். அங்கே 1920களின் பிற்பகுதியில் அரசு தளத்தை மூடும் வரை 500க்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டன. இன்று அங்கே வசிப்பவர்கள் 25,000 பேருக்கும் குறைவு.

ஆனால் கோல்பேர் தேர்ந்தெடுத்த இடத்தில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது, அது ஆறுதான். எதிரி எளிதில் வர முடியாத ஆற்றில் நம் கப்பலும் எளிதில் போக முடியாது. ஷராந்த் வளைந்து வளைந்து போகிறது, ஆழம் குறைவு, வண்டல் வேறு. கட்டி முடித்த போர்க்கப்பலைப் பீரங்கியும் உணவும் ஏற்றாமல், வெறும் கூடாகத்தான் கீழே கொண்டு போனார்கள். எக்ஸ் தீவு அருகே நங்கூரம் போட்ட பிறகுதான் பீரங்கிகளை ஏற்றினார்கள். அந்தக் கூட்டையும் காற்றை நம்பி ஓட்ட முடியாத வளைவுகளில் கரையிலிருந்து கயிறு கட்டி ஆட்கள் இழுத்தார்கள். தேர் வடம் பிடிப்பது போல நூற்றுக்கணக்கானோர், ஆனால் பக்தியோடு அல்ல. 1766 முதல் 1852 வரை இங்கே ஒரு கைதி முகாம் இருந்தது. சங்கிலி பூட்டிய கைதிகள்தான் தளத்தின் கடும் வேலைகளைச் செய்தார்கள். நீரேற்றம் வரும்போது மிதக்கவிடுவது, வற்றினால் நிறுத்திக் காத்திருப்பது என்று கடலுக்குப் போய்ச் சேரவே பல நாட்கள் பிடிக்கும்.

இதனால்தான் சொல்கிறேன், போய் இறங்கியதும் சுற்றுலா அலுவலகத்தில் ஏற்றவற்ற நேர அட்டவணை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நீர் வற்றும் நேரத்தில் ஒரு முறை, ஏறும் நேரத்தில் ஒரு முறை கரைக்குப் போங்கள். வற்றும்போது இரு பக்கமும் பழுப்புச் சேறு பளபளக்கும், நடுவில் ஓடை போல நீர் ஓடும். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்தில் கரை தொட நீர் நிற்கும். இந்த ஆற்றில் போர்க்கப்பலா என்ற கேள்விக்கு அதுதான் பதில். பகல் பயணமாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பாதிதான் கிடைக்கும்.

இனி அந்த நீளமான கட்டடம். கொர்தெரி ருவயால், அதாவது அரச கயிற்றுச் சாலை. நீளம் 374 மீட்டர். ஏன் இவ்வளவு நீளம் என்று உங்கள் அப்பா கேட்பார், கேட்க வேண்டும். கப்பலின் நங்கூர வடம் ஏறத்தாழ 200 மீட்டர் ஒரே துண்டாக இருக்க வேண்டும். சணல் நாரை நூற்று, நூல்களைச் சேர்த்துப் புரியாக்கி, புரிகளைச் சேர்த்து முறுக்கினால் வடம். முறுக்க முறுக்க நீளம் சுருங்கும். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே 300 மீட்டர் நூலை வளைக்காமல் நேராக நீட்டிவைக்க இடம் வேண்டும். அந்தக் கணக்குதான் சுவராக எழுந்து நிற்கிறது. நிலமோ சேறு. அதில் இத்தனை கனமான கல் கட்டடம் புதைந்துவிடாமல் இருக்க, கருவாலிக் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி ஒரு பெரிய தெப்பம் போல அமைத்து, அதன் மேல் சுவரை எழுப்பினார்கள். 350 ஆண்டுகளாக அது தாங்கிக்கொண்டிருக்கிறது.

1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படையினர் இதற்குத் தீ வைத்தார்கள். கூரை போய், உள்ளே மரம் செடி முளைத்து, இருபது வருடம் பாழாய்க் கிடந்தது. கடற்படைத் தளபதி மொரீஸ் துப்போன் 1960களில் ஆட்களைச் சேர்த்துப் புதரை வெட்டத் தொடங்கியிராவிட்டால் இடித்திருப்பார்கள். 1967இல் பாதுகாக்கப்பட்ட சின்னமானது, 1980களில் மீட்பு வேலை நிறைவுக்கு வந்தது. இப்போது கயிறு திரிப்பது எப்படி என்று உள்ளே நேரில் செய்து காட்டுகிறார்கள். பார்வையாளர்களையும் கைப்பிடியைச் சுற்றச் சொல்வார்கள். ஊரில் கயிறு திரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அந்த அரை மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். மொழி தேவைப்படாத இடம் அது.

கொர்தெரிக்குப் பக்கத்திலேயே உலர்துறைகள். 1669இல் தொடங்கிய பழைய துறை, ஐரோப்பாவில் கல்லால் கட்டிய முதல் உலர்துறைகளில் ஒன்று. வேலை செய்யும் முறை எளிது: நீரேற்றத்தில் கப்பலை உள்ளே மிதக்கவிட்டு, வற்றும்போது நீரையும் வடியவிட்டுக் கதவை அடைத்துவிட வேண்டும். மிச்ச நீரை இறைத்துவிட்டால் கப்பலின் அடிவயிறு வரை உலர்ந்த நிலத்தில் நின்று வேலை பார்க்கலாம். சேற்று நிலம் என்பதால் அடியிலிருந்து ஊற்று வந்துகொண்டே இருந்தது. இறைப்பதே ஓயாத வேலை. படிப்படியாக இறங்கும் கல் சுவர்களைப் பாருங்கள், கப்பலின் வயிற்று வளைவு அதில் தெரியும்.

சரி, எர்மியோன். கேள்வியின் பாதி அதுதானே. மூல எர்மியோன் 1779இல் இந்தத் தளத்தில் பதினோரு மாதத்தில் கட்டி முடிக்கப்பட்ட போர்க்கப்பல். 1780 மார்ச்சில் பிரெஞ்சுப் படைத்தலைவர் லஃபாயெத்தை ஏற்றிக்கொண்டு கிளம்பி, ஏப்ரல் 28இல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தது. அமெரிக்க விடுதலைப் போரில் உதவப் பிரான்சு படை அனுப்புகிறது என்ற சேதியை ஜார்ஜ் வாஷிங்டனுக்குக் கொண்டு போன பயணம் அது. அதன் மறுபடிவத்தைக் கட்ட 1997 ஜூலையில் அதே ஊரின் பழைய உலர்துறை ஒன்றில் ஏரா மரம் (கப்பலின் அடித்தண்டு) வைத்தார்கள். 2012இல் உடல் ஆற்றில் இறங்கியது, 2014இல் கடலுக்குப் போனது, 2015இல் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா போய்த் திரும்பியது. அன்று பதினோரு மாதம், இன்று பதினேழு வருடம். காரணம் திறமைக் குறைவு இல்லை. அன்று அரசின் காடும் கருவூலமும் நூற்றுக்கணக்கான தச்சர்களும் ஒரே இடத்தில் குவிந்திருந்தார்கள். இன்று பெரும்பாலும் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்க வந்த மக்களின் காசில் வேலை நடந்தது. மறந்துபோன கலைகளையும் ஒவ்வொன்றாக மீட்க வேண்டியிருந்தது.

2021இல் பராமரிப்புக்காக பயோன் பக்கம் உள்ள ஆங்லே துறைக்குப் போனபோது, அடிப்பகுதி மரத்தைப் பூஞ்சை தின்றிருப்பது தெரியவந்தது. அதனால்தான் அது ரோஷ்ஃபோரில் இல்லை. கிளம்பும் முன் இணையத்தில் நிலவரத்தைப் பாருங்கள். ஆனால் கப்பலை நம்பித் திட்டம் போட வேண்டாம். என் கருத்தைக் கேட்டால், கப்பல் இல்லாத துறைதான் இந்த ஊரின் உண்மையான முகம். இங்கே கட்டிய போர்க்கப்பல்கள் இங்கே நிற்பதற்காகக் கட்டியவை அல்ல, முடிந்ததும் போய்விடும்.

கடல்சார் தேசிய அருங்காட்சியகத்தின் ரோஷ்ஃபோர் கிளை நடந்து போகும் தூரத்தில்தான். அரச காலத்துக் கப்பல் மாதிரிகள் அங்கே இருக்கின்றன. சிறுவர்கள் விளையாடச் செய்தவை அல்ல, கட்டுவோருக்குப் பாடமாகச் செய்தவை. 1863இல் இந்தத் தளம் ஆற்றில் இறக்கிய 'ப்ளோன்ழர்' நீர்மூழ்கியைப் பற்றிக் கேளுங்கள். சுமார் 42 மீட்டர் நீளம், அழுத்திய காற்றால் ஓடிய இயந்திரம். கையால் சுற்றாமல் இயந்திர விசையால் ஓடிய முதல் நீர்மூழ்கி அதுதான். பாய்மரக் கப்பலுக்குப் பெயர் போன ஊர் இதையும் செய்தது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கொர்தெரி, அருங்காட்சியகம், உலர்துறை எல்லாவற்றுக்கும் சேர்த்தே நுழைவுச்சீட்டு தருகிறார்கள், அதை வாங்குவதுதான் லாபம்.

ஆற்றோரமாகத் தெற்கே நடந்தால் மார்த்ரூ பாலம். வண்டி போகும் பாலம் இல்லை இது. இரு கரையிலும் உயர்ந்த இரும்புக் கோபுரங்கள், அவற்றுக்கு மேலே, நீர்மட்டத்திலிருந்து சுமார் 50 மீட்டர் உயரத்தில் ஒரு குறுக்குத் தடம். அதிலிருந்து கம்பிகளில் தொங்கும் ஒரு தட்டு, ஆட்களை ஏற்றிக்கொண்டு நீருக்குச் சற்று மேலாக அக்கரைக்கு ஊர்ந்து போகும். ஏன் இந்தச் சுற்றுவழி? 1900இல் கட்டியபோதும் உயரமான பாய்மரங்களோடு கப்பல்கள் தளத்துக்கு வந்துபோய்க்கொண்டிருந்தன. சாதாரணப் பாலம் போட்டால் ஊரின் பிழைப்பே அடைபட்டுவிடும். பெர்தினான் ஆர்னோதன் என்ற பொறியாளர் இந்த வழியைச் செய்தார். பிரான்சில் இந்த வகையில் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான். 2016 முதல் 2020 வரை பழுதுபார்த்து, மேல் தடத்தை ஆர்னோதன் வடிவத்துக்கே மாற்றிவிட்டார்கள். நடப்பவர்களும் மிதிவண்டிக்காரர்களும் மட்டும் போகலாம், குளிர்காலத்தில் ஓடாது. ஊர் மையத்திலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள்தான், தரை முழுக்கச் சமம். ஆகஸ்டில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம் இருக்கும், வெயில் தாழ்ந்த பிறகு போங்கள்.

இப்போது தங்குமிடம். இதில்தான் பணம் மிச்சமாகும், ஏமாற்றமும் நேரும், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரோஷ்ஃபோர் ஒரு வெந்நீர் ஊற்றுச் சிகிச்சை ஊரும்கூட. தளம் மூடிய பிறகு ஊரைத் தாங்கியவற்றில் அதுவும் ஒன்று. மூட்டுவலி, தோல் நோய் என்று மருத்துவர் சீட்டோடு வருபவர்கள் 18 சிகிச்சை நாட்களுக்காக மூன்று வாரம் தங்குவார்கள். அவர்களுக்காகவே ஊரெங்கும் அடுப்பு, பாத்திரம், துணி துவைக்கும் இயந்திரத்தோடு சின்னச் சின்ன வீடுகள் வாடகைக்கு உண்டு. அப்பா அம்மாவோடு வரும் உங்களுக்கு இதுதான் சரி. ஒரு குக்கர் சாதம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டுக்காரர்கள் பலர் மூன்று வார விருந்தாளியைத்தான் விரும்புவார்கள். இரண்டு மூன்று இரவுக்குத் தருகிறவர்களை முன்கூட்டியே தேட வேண்டும். இன்னொன்று, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் 'சீசன் இல்லை, காலியாக இருக்கும்' என்று நினைத்துவிடாதீர்கள். சிகிச்சைக்காரர்கள் நிறைந்திருப்பது அப்போதுதான்.

இடம் என்றால், கோல்பேர் சதுக்கத்துக்கும் கொர்தெரிக்கும் இடைப்பட்ட பழைய தெருக்களில் தேடுங்கள். படகுகள் கட்டியிருக்கும் துறையின் ஓரமும் நல்லது. ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் மலிவான விடுதிகள் உண்டு, கார் இல்லாவிட்டால் வேண்டாம். பழைய வீடுகளில் மாடிப்படி குறுகல், மின்தூக்கி இருக்காது. பெற்றோருக்கு முழங்கால் வலி என்றால் எந்தத் தளம் என்று எழுதிக் கேட்டுவிடுங்கள். குளிர்சாதனமும் அரிது, ஆனால் தடித்த கல் சுவர் இருப்பதால் பகலில் சன்னல் கதவுகளை அடைத்து வைத்தால் போதும்.

பாரிஸ் மோன்பர்னாஸிலிருந்து லா ரோஷெல்லுக்கு அதிவேக ரயில், அங்கிருந்து ரோஷ்ஃபோருக்கு வட்டார ரயிலில் ஏறக்குறைய அரை மணி. நாள் முழுக்க வண்டி உண்டு. ஆகவே ரோஷ்ஃபோரில் தங்கிக்கொண்டு லா ரோஷெல்லை ஒரு நாள் பார்த்துவிட்டு வரலாம். கோடைக் கூட்டத்தில் அதுதான் புத்திசாலித்தனம். நிலையத்திலிருந்து ஊர் மையம் இருபது நிமிட நடை.

புதுச்சேரிக்காரர்களுக்கு, ஏன் எல்லாத் தமிழருக்குமே, இன்னொரு காரணமும் இருக்கிறது. 1850இல் இந்த ஊரில் பிறந்த கடற்படை அதிகாரியும் எழுத்தாளருமான பியேர் லோத்தி, 1899-1900இல் இந்தியா வந்தார். மதுரை, ஸ்ரீரங்கம், புதுச்சேரி எல்லாம் போய் எழுதினார். புதுச்சேரியை அவர் பார்த்தபோது பிரெஞ்சுக் குடியேற்றம் வாடிக்கொண்டிருந்தது. அந்த வாட்டத்தை அவர் எழுத்தில் உணர முடியும். இவர் பிறந்த வீடு வெளியிலிருந்து சாதாரணத் தெரு வீடு. உள்ளே துருக்கிய அறை, இடைக்காலப் பாணிக் கூடம், டமாஸ்கஸிலிருந்து கொண்டுவந்த மரக் கூரையோடு ஒரு மசூதி அறை. பத்து வருடத்துக்கு மேல் மூடிக் கிடந்து, பழுதுபார்ப்பு முடிந்து 2025 ஜூனில் திறந்தார்கள். சிறு குழுக்களாகத்தான் உள்ளே விடுகிறார்கள். ரயில் சீட்டு எடுத்த அன்றே இதற்கும் பதிவு செய்துவிடுங்கள், ஆகஸ்டில் நேரில் போய் நின்றால் கிடைக்காது.

அம்மாவுக்குச் செடிகள் பிடிக்குமானால் பெகோனியா காப்பகம். 1688 முதல் இந்த ஊரில் அரச நிர்வாகியாக இருந்த மிஷெல் பெகோனின் பெயரைத்தான் ஷார்ல் ப்ளூமியே என்ற துறவி அந்தச் செடிக்கு வைத்தார். நம் ஊர்த் தொட்டிகளில் வளரும் அதே பெகோனியா. இங்கே சுமார் 1,500 வகை வைத்திருக்கிறார்கள். கடற்படை மருத்துவப் பள்ளியும் பார்க்கத் தக்கதுதான். 1722இல் தொடங்கியது, உலகில் இந்த வகையில் முதலாவது. சதுப்பு நிலத்துக் காய்ச்சலும் கப்பல் நோய்களும் ஆட்களை வாரிக்கொண்டு போன ஊரில் அது தேவைப்பட்டது. ஆனால் மண்டை ஓடுகளும் உடல் உறுப்புகளும் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும். பெற்றோரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் நாள் இருந்தால் ஃபூராஸ் போய்ப் படகேறி எக்ஸ் தீவு. கார் இல்லாத தீவு. நெப்போலியன் 1815 ஜூலையில் ரோஷ்ஃபோருக்கு வந்து, அந்தத் தீவில் பிரான்சு மண்ணில் தன் கடைசி நாட்களைக் கழித்து, ஆங்கிலேயர் கப்பலில் ஏறிச் சரணடைந்தார். ரோஷ்ஃபோர் கப்பல்கள் பீரங்கி ஏற்றிக்கொண்ட கடல்பரப்பும் அதுதான். மதாம் தீவுக்கு வற்று நேரத்தில் கடலடித் தரையிலேயே நடந்து போகலாம் என்பார்கள், உண்மைதான். ஆனால் நீர் ஏறும் நேரத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளாமல் வயதானவர்களோடு இறங்காதீர்கள். இல்லாவிட்டால் அடுத்த வற்று வரை தீவிலேயே இருக்க வேண்டிவரும்.

சாப்பாடு. கடல் உணவு உண்பவர்களுக்குக் கவலை இல்லை, மாரேன் சிப்பி பக்கத்திலேயே விளைகிறது. சைவம் என்றால் மரக்கோதுமை (buckwheat) மாவில் சுட்ட உப்புத் தோசை மாதிரியான கலெத் கிடைக்கும் கடைகளைத் தேடுங்கள். பாலாடைக்கட்டி, காளான், முட்டை என்று கேட்டுப் போடச் சொல்லலாம். 'மொழெத்' என்ற, மொச்சை மாதிரியான வெள்ளை பீன்ஸ் விதை இந்த வட்டாரத்தின் செல்லம், நம் வாய்க்குப் பிடிக்கும். ஆனால் பன்றி இறைச்சித் துண்டு போட்டே சமைப்பது வழக்கம், கேட்காமல் வாங்க வேண்டாம். சனிக்கிழமை காலைச் சந்தையில் அதையே உலர்ந்த பருப்பாக வாங்கி, இரவில் ஊறவைத்து, மறுநாள் வீட்டு அடுப்பில் தாளித்துக்கொள்ளலாம். மதியம் இரண்டு மணிக்கு மேல் உணவகங்களில் அடுப்பு அணைந்துவிடும். ஞாயிறு இரவும் திங்களும் பல கடைகள் திறப்பதில்லை. ஆகவே வியாழன் மாலை வந்து ஞாயிறு மதியம் கிளம்பும்படி சீட்டு எடுங்கள். சனிக்கிழமைச் சந்தையும் கிடைக்கும், எல்லா இடமும் திறந்திருக்கும்.